அரபு எழுச்சியும் பிரிட்டன் எழுதிக்கொடுத்த பத்திரங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் போரைப் பற்றிப் பேசுகிறோம்?

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1916 ஜூனில் மக்காவின் ஷரீஃப் (அந்தப் புனித நகரின் காவலர் பதவி) ஹுசைன் துருக்கிக்கு, அதாவது உதுமானியப் பேரரசுக்கு, எதிராகக் கொடி பிடித்தார். அன்றைய அரபு நிலங்களில் பெரும்பகுதி, அதாவது இன்றைய சிரியா, லெபனான், பாலஸ்தீனம், ஜோர்டான், ஈராக், மக்காவும் மதீனாவும் உள்ள செங்கடல் ஓரத்து ஹிஜாஸ் எல்லாம் அந்தப் பேரரசின் கையில் இருந்தன. சுமார் 400 ஆண்டு ஆட்சி. 1918 அக்டோபரில் டமாஸ்கஸ் விழுந்ததும் அந்த ஆட்சி அநேகமாக முடிந்துபோனது. இடைப்பட்ட இரண்டேகால் வருடத்தைத்தான் 'அரபு எழுச்சி' என்கிறார்கள்.

பிரிட்டன் இதற்குப் பணம், துப்பாக்கி, கப்பல், அதிகாரிகள் எல்லாம் கொடுத்தது. கூடவே வாக்குறுதிகளையும் கொடுத்தது. சண்டை முடிந்து நூறு ஆண்டுக்கு மேலாகியும் அந்த வாக்குறுதிகளைப் பற்றிய தகராறு மட்டும் முடியவில்லை.

பிரிட்டனுக்கு அரபிகள் மேல் ஏன் திடீர் அக்கறை?

அக்கறை அரபிகள் மேல் என்பதைவிட இந்தியா மேல் என்று சொல்லலாம்.

1914 நவம்பரில் துருக்கி சுல்தான், முஸ்லிம்களின் தலைவரான கலீஃபா என்ற முறையில், ஜிஹாத் அறிவித்தார். உலகத்திலேயே அதிக முஸ்லிம் குடிமக்கள் இருந்தது பிரிட்டிஷ் பேரரசில்தான். அவர்களில் பெரும்பாலோர் இந்தியாவில். இந்திய ராணுவத்தில் முஸ்லிம் சிப்பாய்கள் ஏராளம். அவர்கள் துப்பாக்கியைத் திருப்பிவிட்டால்? லண்டனுக்கு அதுதான் பயம். மக்காவின் காவலர், அதுவும் நபியின் வம்சத்தில் வந்தவர், சுல்தானின் அழைப்புக்குக் குரல் கொடுக்காமல் இருந்தாலே பாதிக் கவலை தீரும். எதிர்த்தே எழுந்துவிட்டால் இன்னும் நல்லது.

போர்க்களமும் நெருக்கியது. துருக்கிக் கடற்கரையில் கல்லிப்போலியில் 1915 முழுக்க ரத்தம் சிந்தியும் பலன் இல்லை. ஈராக்கில் கூத் என்ற ஊரில் முற்றுகையிடப்பட்ட சுமார் 13,000 பேர், பெரும்பாலும் இந்தியர்கள், 1916 ஏப்ரல் 29 அன்று துருக்கியரிடம் சரணடைந்தார்கள். இப்படி அடி வாங்கிக்கொண்டிருப்பவன் நண்பன் கிடைத்தால் விலை பேசிக்கொண்டிருக்க மாட்டான்.

ஷரீஃப் ஹுசைன் பிரிட்டன் ஆட்டிவைத்த பொம்மையா?

இல்லை. இந்த ஒரு விஷயத்தில் பலர் அவரைக் குறைத்து எடைபோடுகிறார்கள். அவருக்குச் சொந்தக் கணக்கு இருந்தது.

1908 முதல் மக்காவின் ஷரீஃப் அவர். அதே ஆண்டில் டமாஸ்கஸிலிருந்து மதீனா வரை ஹிஜாஸ் ரயில் வந்து சேர்ந்தது, சுமார் 1,300 கிலோமீட்டர். உலக முஸ்லிம்களின் நன்கொடையில், இந்திய முஸ்லிம்களின் காசும் சேர்ந்து, எழுந்த பாதை. ஹஜ் பயணிகளுக்கு வசதி, ஷரீஃபுக்கோ தலைவலி. ரயில் வந்தால் துருக்கிப் பட்டாளமும் வரும், அவருடைய தன்னாட்சி போகும். போருக்கு முன்பே, 1914 பிப்ரவரியில், தன் மகன் அப்துல்லாவைக் கெய்ரோவுக்கு அனுப்பி, அங்கே பிரிட்டனின் பிரதிநிதியாக இருந்த கிச்சனரிடம் ஆழம் பார்த்தார். அன்று பிரிட்டன் பிடி கொடுக்கவில்லை. போர் மூண்டு, கிச்சனர் போர் அமைச்சரானதும் அவரே ஆள் அனுப்பினார். உண்மையான அரபு வம்சத்தவர் ஒருவர் கலீஃபா ஆகக்கூடும் என்ற தூண்டில் அந்தச் செய்தியிலேயே இருந்தது.

அதன் பிறகும் ஹுசைன் அவசரப்படவில்லை. இரண்டு பக்கமும் நல்ல பிள்ளையாக இருந்தார். நமக்குத் தெரிந்த ஒரு கப்பலின் கதை இங்கே வருகிறது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு போட்டு, தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்ட ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன்தான். அந்தக் கப்பல் கோகோஸ் தீவருகே அழிந்தபோது, கரையில் இறங்கியிருந்த ஐம்பது பேர் ஒரு பாய்மரக் கப்பலைப் பிடித்துத் தப்பி, ஏமன் வழியாக 1915-ல் ஜித்தா அருகே வந்தார்கள். பாலைவனத்தில் பதூவின்கள் என்ற நாடோடி அரபுக் குலத்தார் வளைத்துக்கொண்டார்கள். மூன்று நாள் சண்டை. கடைசியில் வந்து காப்பாற்றியது ஷரீஃபின் மகன் அப்துல்லா! வளைக்கச் சொன்னதே ஷரீஃப்தானோ என்று ஜெர்மானியத் தலைவர் மியூக்கே சந்தேகப்பட்டார். ஷரீஃப் அந்தச் சமயத்தில் யார் பக்கம் இருந்தார் என்று அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

மக்மகான் கடிதங்களில் என்னதான் எழுதியிருந்தது?

முதலில் ஆளைப் பற்றி. ஹென்றி மக்மகான், இந்தியாவில் வெளியுறவுச் செயலராக இருந்து, பிரிட்டனின் உயர் ஆணையராக எகிப்துக்குப் போனவர். அருணாசலப் பிரதேசத்தின் வடக்கே இந்தியாவும் சீனாவும் இன்றுவரை மல்லுக்கு நிற்கும் மக்மகான் கோடு 1914-ல் இவர் பெயரால் வந்ததுதான். அடுத்த ஆண்டே இன்னொரு எல்லைச் சிக்கலுக்கும் கையெழுத்துப் போட்டார். மனிதருக்கு ராசி அப்படி.

1915 ஜூலை முதல் 1916 மார்ச் வரை இவருக்கும் ஹுசைனுக்கும் இடையே பத்துக் கடிதங்கள் போய்வந்தன. ஹுசைன் முதல் கடிதத்திலேயே முழு எல்லையையும் கேட்டார்: வடக்கே இன்றைய துருக்கியின் மெர்சின், அதானா, கிழக்கே பாரசீகம், தெற்கே ஏடனைத் தவிர்த்து இந்தியப் பெருங்கடல், மேற்கே செங்கடல், மத்தியதரைக் கடல். இது அவர் கற்பனை அல்ல. டமாஸ்கஸில் ரகசியமாக இயங்கிய அரபு தேசியச் சங்கங்கள் அவருடைய மகன் ஃபைசலிடம் கொடுத்தனுப்பிய பட்டியல். மக்மகான் முதலில் 'எல்லை பேச இது நேரமில்லை' என்று நழுவினார். பிறகு கல்லிப்போலி முனையில் துருக்கிப் படையிலிருந்து ஃபாரூக்கி என்ற அரபு அதிகாரி கட்சி மாறி வந்து, அரபு அதிகாரிகள் எல்லோரும் எழத் தயார் என்று ஏகத்துக்கும் அளந்துவிட்டார். கெய்ரோ நம்பியது. 1915 அக்டோபர் 24 தேதியிட்ட அந்தப் பிரபலமான கடிதம் போனது.

அரபுகளின் சுதந்திரத்தை அங்கீகரிப்போம், ஆதரிப்போம் என்றது கடிதம். ஆனால் விதிவிலக்குகள். டமாஸ்கஸ், ஹோம்ஸ், ஹமா, அலெப்போ 'மாவட்டங்களுக்கு மேற்கே' உள்ள சிரியப் பகுதிகள் முழுக்க அரபு நிலம் அல்ல, ஆகவே சேராது. பாக்தாதுக்கும் பஸ்ராவுக்கும் தனி ஏற்பாடு. போதாததற்கு, பிரான்ஸின் நலனுக்குக் கேடு வராத இடங்களில் மட்டுமே இந்த உறுதி செல்லும்.

நிலப் பத்திரம் எழுதுகிறவர்களுக்குத் தெரியும்: நான்கெல்லை தெளிவாக இல்லாத பத்திரம் கோர்ட்டுக்குத்தான் போகும். இங்கேயும் அப்படித்தான் ஆனது. கடிதத்தின் அரபு வடிவத்தில் 'விலாயத்' என்ற சொல் இருந்தது. மாகாணம் என்றும் பொருள், ஊரும் சுற்றுப்புறமும் என்றும் பொருள். டமாஸ்கஸைத் தலைநகராகக் கொண்ட மாகாணம் தெற்கே அகபா வரை நீண்டிருந்தது. மாகாணம் என்று எடுத்துக்கொண்டால் அதன் மேற்கே பாலஸ்தீனமும் வந்துவிடும், ஆக அது விலக்கப்பட்டதாகிவிடும். பிற்பாடு பிரிட்டன் இப்படித்தான் வாதாடியது. 1922-ல் சர்ச்சிலின் வெள்ளை அறிக்கையே இதைச் சொன்னது. ஆனால் ஹோம்ஸ், ஹமா என்ற பெயரில் மாகாணமே கிடையாது. நான்கையும் ஒரே பொருளில் படித்தால் ஊர்கள் என்றுதான் படிக்க முடியும். நான்கு ஊர்களுக்கும் மேற்கே இருப்பது லெபனானும் சிரியக் கடற்கரையும். பாலஸ்தீனம் அவற்றுக்கு வெகு தெற்கே கிடக்கிறது. என் வாசிப்பில் அரபுகளின் வாதமே பலமானது. பாலஸ்தீனத்தை விலக்க நினைத்திருந்தால் 'ஜெருசலேம்' என்று ஒரு சொல் எழுத எவ்வளவு மை செலவாகியிருக்கும்?

ஹுசைனும் இந்த விதிவிலக்குகளை முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. பெய்ரூத் கடற்கரையைப் பற்றிப் போருக்குப் பிறகு கேட்பேன் என்று எழுதிவைத்துவிட்டே சண்டையில் இறங்கினார். கையெழுத்தான ஒப்பந்தம் என்று எதுவுமே இல்லை.

சைக்ஸ்–பிக்கோ ஒப்பந்தம் என்பது?

அதே நிலத்துக்கு இன்னொரு பத்திரம். பிரிட்டன் தரப்பில் மார்க் சைக்ஸ், பிரான்ஸ் தரப்பில் ஜார்ஜ் பிக்கோ பேசிமுடித்து, 1916 மே மாதம் உறுதியானது. ஜாரின் ரஷ்யாவும் சம்மதித்தது. பாலஸ்தீனக் கரையிலுள்ள ஏக்கர் நகரின் ஆங்கிலப் பெயரிலுள்ள கடைசி எழுத்திலிருந்து வட ஈராக்கின் கிர்குக் பெயரின் கடைசி எழுத்து வரை ஒரு கோடு கிழிக்க வேண்டும் என்று 1915 டிசம்பரிலேயே சைக்ஸ் அமைச்சர்களிடம் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டியிருந்தார்.

சிரியக் கடற்கரையும் லெபனானும் பிரான்ஸின் நேரடிப் பிடியில். பாக்தாத், பஸ்ரா பிரிட்டனிடம். பாலஸ்தீனத்தில் பெரும்பகுதி சர்வதேச நிர்வாகம். நடுவில் மிச்சமுள்ள உள்நாட்டில் 'அரபு அரசு' இருக்கலாம், ஆனால் வடபாதியில் பிரான்ஸின் செல்வாக்கு, தென்பாதியில் பிரிட்டனின் செல்வாக்கு. மக்மகான் கடிதத்தோடு ஒப்பிட்டால் சில இடங்களில் ஒத்துப்போகும், 'சுதந்திரம்' என்ற சொல்லில்தான் இடிக்கும்.

ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு போல்ஷெவிக்குகள் ஜாரின் அலமாரியைத் திறந்து 1917 நவம்பரில் இதை அச்சிட்டுவிட்டார்கள். சிரியாவை ஆண்ட துருக்கித் தளபதி ஜமால் பாஷா விடுவாரா? பார்த்தீர்களா உங்கள் நண்பர்களின் லட்சணத்தை என்று அரபுகளிடம் எடுத்துச் சொல்லி, சமாதானத்துக்கு அழைத்தார். ஹுசைன் விளக்கம் கேட்டார். பிரிட்டன் மழுப்பியது. ஹுசைன் போரைத் தொடர்ந்தார்.

பால்ஃபர் பிரகடனம் இதில் எங்கே வருகிறது?

அதே நவம்பர், 2-ம் தேதி. வெளியுறவு அமைச்சர் பால்ஃபர், பிரிட்டனின் யூதப் பிரமுகர் ராத்ஸ்சைல்ட் பிரபுவுக்கு எழுதிய கடிதம். ஆங்கிலத்தில் மையப் பகுதி 67 சொற்கள்தான். பாலஸ்தீனத்தில் யூத மக்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைவதை அரசு ஆதரிக்கிறது என்றது. அங்கே அன்று பத்தில் ஒன்பது பேர் அரபுகள். கடிதத்தில் அவர்களுக்குப் பெயர் கூட இல்லை, 'யூதர் அல்லாத சமூகங்கள்'. அவர்களின் சிவில் உரிமையும் மத உரிமையும் கெடாது என்றார்கள். அரசியல் உரிமை பற்றிப் பேச்சில்லை.

இதைக் கடுமையாக எதிர்த்தவர் அமைச்சரவையில் இருந்த ஒரே யூதர். எட்வின் மாண்டேகு, இந்தியாவுக்கான அமைச்சர். மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அவரேதான். இந்த அறிவிப்பு வந்தால் மற்ற நாடுகளில் உள்ள யூதர்கள் அந்நியர்கள் ஆகிவிடுவார்கள் என்பது அவர் கவலை.

1918 ஜனவரியில் ஹோகார்த் என்ற அதிகாரி ஜித்தா போய் ஹுசைனைச் சமாதானப்படுத்தினார். அங்கே ஏற்கெனவே வாழ்பவர்களின் அரசியல், பொருளாதாரச் சுதந்திரத்துக்குக் குந்தகம் வராத அளவில்தான் யூதக் குடியேற்றம் என்றார். அரசியல் சுதந்திரம்! லண்டன் கடிதத்தில் இல்லாத சொல் ஜித்தாவில் முளைத்தது.

வேண்டுமென்றே ஏமாற்றினார்களா, இல்லை குழப்பமா?

இரண்டும் உண்டு. ஆனால் 'குழப்பம்' என்று சொல்லித் தப்பவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

குழப்பம் நிஜம். கெய்ரோ அலுவலகம் ஹுசைனை வளர்த்தது. டெல்லியிலிருந்த வைஸ்ராய் அரசோ அவரைக் கண்டாலே முகம் சுளித்தது; கலீஃபாவை எதிர்ப்பவரை ஆதரித்தால் இந்திய முஸ்லிம்கள் கொதிப்பார்கள் என்றது. அவர்கள் பங்குக்கு 1915 டிசம்பரில் ஹுசைனின் எதிரியும் நடு அரேபியாவின் ஆட்சியாளருமான இப்னு சவூதுடன் தனி உடன்படிக்கை போட்டார்கள். பாக்தாதைப் பிடித்த ஜெனரல் மாட், 1917 மார்ச்சில், நாங்கள் வெற்றிகொண்டவர்களாக வரவில்லை, விடுவிக்க வந்தோம் என்று அறிக்கை விட்டார். அதை எழுதிக்கொடுத்ததே சைக்ஸ்.

இதற்கு என்ன சொல்வது? ஒரே மனையை மூன்று பேருக்குக் கிரயம் பேசுகிறவர், ஒவ்வொரு தடவையும் வேறு குமாஸ்தாவை வைத்து எழுதினேன் என்றால் வில்லங்கம் நீங்கிவிடுமா? தெளிவாக எழுதினால் பிரான்ஸ் கோபிக்கும் அல்லது ஹுசைன் விலகுவார். அதனால் மங்கலாக எழுதினார்கள். அந்த மங்கல் தெரிந்தே வந்தது.

எவ்வளவு பணம் போனது?

தொடக்கத்தில் மாதம் 1,25,000 பவுன், பிறகு உச்சத்தில் மாதம் 2,00,000. மொத்தம் ஏறத்தாழ 1.1 கோடி பவுன் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பதூவின் குலங்கள் காகிதப் பணத்தைச் சீந்தவில்லை, தங்க சவரன்தான் வேண்டும். நம் ஊரில் 'எத்தனை பவுன் போட்டார்கள்' என்று கேட்கிறோமே, எட்டு கிராம், அது இந்த நாணயத்தின் எடையிலிருந்து வந்ததுதான். மாதம் இரண்டு லட்சத்தையும் நாணயமாகவே கொடுத்திருந்தால் 1,600 கிலோ.

பணத்தைவிட முக்கியமானது அரிசியும் கோதுமையும் என்பேன். ஹிஜாஸில் போதிய விளைச்சல் கிடையாது. இந்தியாவிலிருந்தும் எகிப்திலிருந்தும் ஜித்தாவுக்குத் தானியம் வந்தால்தான் அடுப்பு எரியும். செங்கடலைப் பிரிட்டிஷ் கடற்படை அடைத்தபோது அந்த அடுப்பும் பிரிட்டன் கைக்குப் போனது. சிரியக் கரையில் இதே முற்றுகை, வெட்டுக்கிளி, துருக்கியின் தானியப் பறிமுதல் எல்லாம் சேர்ந்து லெபனான் மலையில் கொடும் பஞ்சமாக முடிந்தது. விடுதலைக் கதை சொல்பவர்கள் இதை அதிகம் சொல்வதில்லை.

லாரன்ஸ்தான் எல்லாம் செய்தாரா?

சினிமா அப்படிச் சொல்லும். பிரிட்டிஷ் அதிகாரி டி.இ. லாரன்ஸ் ஹிஜாஸுக்கு வந்ததே 1916 அக்டோபரில். எழுச்சி தொடங்கி நான்கு மாதம் கழித்து. அதற்குள் மக்கா, ஜித்தா, தாயிஃப் மூன்றும் ஹுசைன் கைக்கு வந்துவிட்டன. ஜித்தாவைப் பிடிக்கப் பிரிட்டிஷ் கப்பல்கள் குண்டு போட்டன. அவற்றில் ஹார்டிங் என்ற கப்பல் இந்தியக் கடற்படைப் பிரிவைச் சேர்ந்தது. மக்காவுக்குள் முஸ்லிம் அல்லாதவர் போகக் கூடாது என்பதால் பீரங்கிக்கு எகிப்திய வீரர்களை அனுப்பினார்கள்.

லாரன்ஸின் பங்கு சின்னது என்று சொல்லவில்லை. ஃபைசலுக்கும் கெய்ரோவுக்கும் பாலமாக இருந்தார், தண்டவாளங்களுக்கு வெடி வைத்தார். ஆனால் 1917 ஜூலை 6 அன்று அகபா விழுந்தது ஹுவைத்தாத் குலத்தலைவர் அவ்தா அபூ தாயியின் ஆட்களும் அவருக்கிருந்த பாலைவன ஞானமும் இல்லாமல் நடந்திருக்காது. முறையான அரபுப் படையை வழிநடத்தியவர் ஜாஃபர் அல் அஸ்கரி, துருக்கி ராணுவத்தில் இருந்த ஈராக்கியர். வாக்குறுதி நிற்காது என்பது லாரன்ஸுக்குப் போர்க்காலத்திலேயே தெரியும். அந்த உறுத்தலில் 1918 அக்டோபரில் மன்னர் கையால் தரவிருந்த விருதை நேருக்கு நேர் மறுத்தார்.

அரபுகள் எல்லோரும் எழுந்தார்களா?

இல்லை. ஏராளமான அரபுகள் கடைசிவரை துருக்கிப் படையில் இருந்தார்கள். மதீனா விழவே இல்லை. அங்கிருந்த துருக்கித் தளபதி ஃபக்ரி பாஷா போர் முடிந்த பிறகும் பிடிவாதமாக இருந்து 1919 ஜனவரியில்தான் ஒப்படைத்தார். அதே சமயம் துருக்கி மீதான வெறுப்பைப் பிரிட்டன் தயாரித்து விற்றது என்பதும் தவறு. 1916 மே 6 அன்று ஜமால் பாஷா டமாஸ்கஸிலும் பெய்ரூத்திலும் அரபு தேசியவாதிகளைத் தூக்கிலிட்டார். அந்த நாளைப் பிற்பாடு சிரியாவும் லெபனானும் தியாகிகள் நாளாக வைத்தன.

இந்தியாவுக்கு இதில் என்ன பங்கு?

ஈராக் போரை நடத்தியதே இந்திய ராணுவம்தான். சென்னை சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவும் அங்கே இருந்தது. 1918 செப்டம்பர் 23 அன்று பாலஸ்தீனத் துறைமுகமான ஹைஃபாவை ஜோத்பூர், மைசூர் குதிரைப்படைகள் ஈட்டியோடு பாய்ந்து பிடித்தன. டெல்லியில் தீன் மூர்த்தி சிலை நிற்பது மைசூர், ஜோத்பூர், ஹைதராபாத் குதிரைப்படைகளின் நினைவுக்குத்தான்.

இந்திய முஸ்லிம்களில் பலருக்கு ஹுசைன் துரோகி. கலீஃபாவைப் பாதுகாக்க 1919-ல் கிளம்பிய கிலாபத் இயக்கத்தில் காந்தியும் சேர்ந்தார்; சென்னையில் யாகூப் ஹசன் முன்நின்றார். அரபு விடுதலை அங்கே கொண்டாட்டம், இங்கே துக்கம்.

போர் முடிந்ததும் என்ன கிடைத்தது?

1918 அக்டோபர் 1 அன்று டமாஸ்கஸ் வீழ்ந்தது. ஆஸ்திரேலியக் குதிரைப்படை முதலில் நுழைந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து வந்த ஃபைசலிடம் பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் ஆலன்பி, சிரியாவுக்குப் பிரான்ஸ்தான் பாதுகாவலர் என்று சொன்னார். ஃபைசல் ஏற்கவில்லை. 1920 மார்ச்சில் சிரியக் காங்கிரஸ் அவரை மன்னராக அறிவித்தது. அடுத்த மாதமே சான் ரெமோ மாநாட்டில் பிரிட்டனும் பிரான்ஸும் நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. அதற்கு 'மாண்டேட்', அதாவது ஆளும் பொறுப்பாணை, என்று பெயர். ஜூலை 24, டமாஸ்கஸ் அருகே மைசலூனில் பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்ற சிரியப் போர் அமைச்சர் யூசுஃப் அல் அஸ்மா களத்திலேயே இறந்தார். ஃபைசலை வெளியேற்றினார்கள். பிரிட்டன் வேடிக்கை பார்த்தது.

அதே கோடையில் ஈராக்கே எழுந்தது, இந்த முறை பிரிட்டனுக்கு எதிராக. அடக்க ஆன செலவு ஏறத்தாழ 4 கோடி பவுன், துருக்கியை எதிர்க்க அரபுகளுக்குக் கொடுத்ததைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். சரி, இது கட்டுப்படியாகாது என்று 1921-ல் கெய்ரோவில் கூடி, ஃபைசலை ஈராக்குக்கு மன்னராக்கினார்கள். அப்துல்லாவுக்கு ஜோர்டான் நதிக்குக் கிழக்கே ஒரு துண்டு. பாலஸ்தீனத்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள்.

ஹுசைன் என்ன ஆனார்?

1916-லேயே தன்னை அரபு நாடுகளின் மன்னர் என்று அறிவித்துக்கொண்டார். பிரிட்டன் ஹிஜாஸ் மன்னர் என்று மட்டுமே ஏற்றது. 1919 மே மாதம் துராபாவில் இப்னு சவூதின் ஆட்கள் அப்துல்லாவின் படையைச் சிதறடித்தார்கள். இரண்டு தரப்புக்கும் சம்பளம் பிரிட்டிஷ் கஜானாவிலிருந்துதான். மாண்டேட் முறையை ஏற்றுக் கையெழுத்திட்டால் உதவி தொடரும் என்று ஹுசைனிடம் பேசிப் பார்த்தார்கள். லாரன்ஸையே அனுப்பினார்கள். பாலஸ்தீனத்தை விட்டுத்தர மாட்டேன் என்று கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை.

1924 மார்ச்சில் துருக்கி கலீஃபா பதவியை ஒழித்ததும் அதைத் தனக்குச் சூட்டிக்கொண்டார். பெரிதாக யாரும் மதிக்கவில்லை. அந்த அக்டோபரில் மக்கா இப்னு சவூதிடம் போனது. 1925-ல் பிரிட்டிஷ் கப்பல் அவரை சைப்ரஸுக்குக் கொண்டுபோய் விட்டது. உடல்நிலை மோசமான பிறகே அம்மானுக்கு, மகன் அப்துல்லாவிடம், திரும்ப விட்டார்கள். 1931 ஜூனில் அங்கே இறந்தார். அடக்கம் செய்தது ஜெருசலேமில், அல் அக்சா வளாகத்தின் மேற்கு ஓரத்தில். மக்மகான் கடிதத்தில் பெயரே எழுதாமல் விட்ட ஊரில்.